சத்தமே வராத கார்

கார் கண்காட்சியில் அந்த எலக்ட்ரிக் காரை ஓட்டிப் பார்க்கக் கண்ணாடி போட்ட ஒருவரும் ஓர் அம்மாவும் வந்தார்கள்.

"பின் சீட்ல குழந்தை தூங்கினா முழிக்கவே முழிக்காது சார்" என்றார் விற்பனையாளர்.

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த அம்மா ஏறவில்லை. நூறடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"வரலாம்!" என்று கத்தினார்.

கார் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"இன்னும் கிளம்பலையா?"

"வந்து நின்னு ஒரு நிமிஷமாச்சு."

விற்பனையாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா மேடம்! பூனைகூட தோத்துடும்."

"இது வேணாம். சத்தம் வர்ற வண்டியா காட்டுங்க."

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல யாருக்காவது கண்ணு தெரியாதா மேடம்? சத்தத்தை வச்சுத்தான் நீங்க வந்ததைக் கண்டுபிடிப்பாங்களா?"

"ஐயையோ, இது வீட்டுக்கே இல்லப்பா. ஆபீஸ்ல எங்க மேனேஜருக்குக் கொடுக்கப்போற வண்டி. தனக்கு நேரமில்லைன்னு எங்களைப் பார்த்துட்டு வரச் சொன்னார். பழைய வண்டி தெருமுனையில திரும்பும்போதே மூணாவது மாடிக்குக் கேட்கும். அரட்டையை நிறுத்திட்டு அவங்கவங்க சீட்டுக்கு வந்துடுவோம். இதுல வந்தார்னா எங்க கதி?"

விற்பனையாளர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அந்தக் கோடியில நிக்கிற டீசலை எடுங்க. இதைத் தொடவே தொடாதீங்க. எங்க மேனேஜர் போன மாசம் இதைத்தான் வாங்கினார். அதுக்குள்ள நாலு பேருக்கு மெமோ!"