பூட்டிய அறையின் பக்கம்

பஹ்ரைனின் குதைபியாப் பகுதியில், பிற்பகல் வெயில் திரைச்சீலை இடுக்கில் ஒழுகிக் கீரைத்தட்டில் விழுகிறது. ஏசியின் உறுமலுக்கு மேலாக, நஜீஹா தான் மொழிபெயர்க்கும் நாவலை உம்மா ரஹீமா பீவிக்கு வாசித்துக் காட்டுகிறாள். எழுதியவர் ஒரு பஹ்ரைன் பெண். கதாநாயகி பேங்கில் வேலை பார்க்கிறாள், சொந்தக் கார் ஓட்டுகிறாள். விரும்பியவன் பெயரைச் சொன்னதும் தாய் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறாள். கீரை ஆயும் உம்மாவின் விரல்கள் நின்றுவிடுகின்றன. நஜீஹாவும் ஒரு பெயரைச் சொன்னவள்தான். வேறொருவனுடன் நிக்காஹுக்குத் தலையாட்டும்வரை இதே விரல்கள்தான் அவளையும் பூட்டி வைத்தன. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை. "பொறவு தொறந்துட்டாளா?" என்கிறாள் உம்மா. "தொறந்துட்டா." "புள்ள என்ன செஞ்சிச்சு?" "வெளிய வரல்ல உம்மா." ஈரக் கீரை ஒட்டிய கை மகளின் கையைத் தேடி வருகிறது. அது தொடும் முன்பே நஜீஹா தன் கையை எடுத்துப் பக்கத்தைப் புரட்டுகிறாள்.