கொட்டேஷன் கசிந்த வழி

“பையைக் கொட்டு.”

குளோரியா கொட்டினாள். டிபன் பாக்ஸ், குடை, தலைவலித் தைலம், பாதி தின்ற பட்டர் பிஸ்கட். முதலாளி ரெமிஜியஸ் எதிர்பார்த்த பென் டிரைவ் மட்டும் விழவில்லை. டிபன் பாக்ஸையும் திறந்தார். எலுமிச்சை சாதம். ஸ்பூனால் கிளறியும் பார்த்தார், மனுஷன்!

லிங்கராஜபுரத்தில் சிசிடிவி கேமரா பொருத்தும் சின்ன கம்பெனி அவருடையது. கொட்டேஷன் டைப் அடிப்பது குளோரியா, கேமரா மாட்டுவது உமேஷ். வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் விடாமல் கொட்டேஷன் கொடுப்பார். கொஞ்ச நாளாக ஒன்றும் கிடைப்பதில்லை. இவர் என்ன ரேட் போட்டாலும் கம்மனஹள்ளியில் இதே தொழில் செய்யும் நீல் அதைவிடத் துளி குறைத்துப் போட்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். அந்த நீலை இவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. பேரைக் கேட்டாலே பிபி ஏறும்.

ரேட்டை வெளியே விடுவது உள்ளே இருக்கும் ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் ஓட்டைகளை எல்லாம் எம்-சீல் வைத்து அடைத்தார். மவுஸையும் செருக முடியாமல் போயிற்று. ஸ்டாஃப் போன்களை பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினார். கஸ்டமர் கூப்பிட்டால் டின் அலறும், எடுக்கத்தான் ஆள் கிடையாது. குளோரியா தலைக்கு மேலே மட்டும் மூன்று கேமரா. பாவம், அவள் தும்மினால்கூட மூன்று பக்கத்திலிருந்தும் பதிவாகும்.

போன வாரம் ஒரு பெரிய அபார்ட்மென்ட். கொட்டேஷனை இவரே ஒற்றை விரலால் டைப் அடித்து, கவரை ஒட்டி, கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதுவும் நீலுக்கே போய்விட்டது!

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம்தான் உமேஷ் வாய் தவறிச் சொல்லிவிட்டான், கம்மனஹள்ளியில் நீல் ஆபீஸிலிருந்து குளோரியா வெளியே வந்ததைப் பார்த்தேன் என்று. சும்மா விடுவாரா?

“நீல் ஆபீஸ்ல உனக்கு என்னம்மா வேலை?”

“சார், உள்ள வாங்க. தனியா சொல்றேன்.”

“தனியாவா? இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

“வேணாம் சார். உங்களுக்குத்தான் நல்லா இருக்காது.”

“பாத்தியா உமேஷ்! திருடினது இவ, மானம் போறது எனக்காம்! நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா. லிங்கராஜபுரத்துல இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் போன் போட்டு ஏன்னு காரணமும் சொல்றேன்.”

குளோரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனால் போகிறது. திருடி என்ற பேரோடு இந்த ஏரியாவில் வேறு எங்கே போய் நிற்பது?

“சும்மா ஒரு தடவை கேட்டுடுங்க சார்,” என்றான் உமேஷ்.

குளோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தத் தடவை ரேட் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, இல்லையா சார்?”

“தெரியாது. அதான் நீ எப்படித் திருடினேன்னு எனக்கும் புரியல.”

“நீங்க யார்கிட்டயுமே சொல்லலயா?”

“என் பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

“எப்ப சார்?”

“தினம் காலைல போன்ல ப்ரேயர் மீட்டிங் நடக்குது. அதுல.”

“ரேட்டைச் சொல்லியா வேண்டினீங்க?”

“பின்னே? பொதுவா கேட்டா பொதுவாத்தான் கிடைக்கும், விவரமா கேளுங்கன்னு மீட்டிங் நடத்துற பிரதர் சொல்லியிருக்காரு. அபார்ட்மென்ட் பேரு, எத்தனை கேமரா, என்ன ரேட், எல்லாம் சொல்லித்தான் வேண்டுவேன்.”

உமேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

“அந்த மீட்டிங்ல நூறு பேருக்கு மேல இருக்காங்க சார். எங்கம்மாவும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுவாங்க. நான் அடுப்படியில நின்னாலும் உங்க ரேட் காதுல விழும்.”

“விழட்டுமே. அதுக்கும் நீலுக்கும் என்ன சம்பந்தம்?”

“அவரும் அதுல இருக்காரு சார். அதான் நேர்ல போய் சண்டை போட்டேன். ஒரு மனுஷன் கடவுள்கிட்ட அழறதை ஒட்டுக் கேட்டு வியாபாரம் பண்றீங்களே, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல. நீங்க நிம்மதியா இருக்கிறதே அந்தக் கொஞ்ச நேரம்தான். அதையும் நான் ஏன் கெடுக்கணும்?”

ரெமிஜியஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஆனாலும் விட மனசில்லை.

“கதை விடாதே குளோரியா. அங்க இருக்கிறவங்க எல்லாம் எனக்காக உருகறவங்க. அன்னைக்குக்கூட நான் ரேட்டைச் சொல்லி முடிச்ச உடனே யாரோ ஒரு புண்ணியவான், என்னைவிடச் சத்தமா ஆமென் சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!”

“நீங்க கண்ணை மூடிக்கிட்டு வேண்டுவீங்க சார். எங்கம்மா திறந்து வெச்சிருப்பாங்க. பேசறவங்க பேரு போன்ல வரும்,” என்றாள் குளோரியா. “அந்தப் புண்ணியவான்தான் சார் நீல்.”