ஸ்தோயான் என்று எழுதுங்கள்

பிரோட் நகரசபையில் பிறப்பைப் பதியும் அறை. ஜன்னல் வெயில் மேஜைமேல் விழுந்து கிடக்கிறது. ராதிசாவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மகனின் பெயரைச் சொல்கிறான்: ஸ்தோயான். எழுத்தர் ஸ்லாவிட்சா பேனாவை நிறுத்திச் சிரிக்கிறாள். “என்ன தம்பி, கிழவன் பேரு! இப்பல்லாம் லூகாதான், இந்த மாசம் மட்டும் ஒன்பது எழுதியிருக்கேன். பள்ளிக்கூடத்துல பசங்க ஓட்டித் தள்ளிருவாங்க.” ஸ்தோயான் என்றால் நிலைத்து நிற்பவன். பிள்ளைகள் தங்காத வீட்டில் அந்தக் காலத்தில் வைத்த பெயர். ராதிசாவ் தொப்பியின் விளிம்பைத் தடவுகிறான். “மூத்தவன் லூகா, அடுத்தவன் பிலிப். நீங்கதான் எழுதினீங்க அக்கா. ரெண்டும் ஒரு வயசைத் தாண்டல.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “பசங்க ஓட்டட்டும்,” என்கிறான். “அதுக்கு இவன் பள்ளிக்கூடம் வரைக்கும் போகணும்ல.”