அந்தச் சின்னப்பெட்டை

"அந்தச் சின்னப்பெட்டையைத் தனிய விட்டிட்டன், பிள்ளை. உள்ளுக்குக் காத்து முடியப்போகுது."

செபஸ்தியாம்பிள்ளை சில நாட்களாக இதையே புலம்பினார். கோயில் சுவாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்கான நோயில்பூசுதல் கொடுத்த பிறகும் அந்தத் தவிப்பு அடங்கவில்லை. அவரைப் பராமரிக்க வரும் றூபினி ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ஊரில் சண்டை நேரம் பதுங்கிக் கிடந்த பங்கர் குழிக்குள் மூச்சு முட்டுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே வந்து மகள் டொலறஸிடம் கேட்டாள். "அக்கா, சண்டைக்குள்ள ஐயா ஆரையும் விட்டிட்டு வந்தவரோ?"

"அப்பாவோ? அவர் சண்டைக்கு எவ்வளவோ முதலே லண்டனுக்குப் படிக்க வந்திட்டார். பங்கரை டிவியிலதான் கண்டிருப்பார்." டொலறஸ் படிக்கட்டின் கீழிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். "உந்தக் கதையளின்ர பைத்தியம். அம்மா எத்தினை தரம் எறியப் பாத்தவ! விடேல்லை."

மலிவுத் தாளில் அச்சடித்த பழைய ஆங்கில மாத இதழ்கள். மேலே கிடந்த இதழின் அட்டையில், சந்திரனில் உடைந்து கிடந்த விண்கப்பலுக்குள் ஒரு சிறுமி தனியாக நின்றாள்.

றூபினி அதைப் பெட்டியோடு மேலே தூக்கிப்போய் அவரருகே அமர்ந்தாள். எழுதியவரின் வெள்ளைக்காரப் பெயர் அவள் நாக்கில் புரளவில்லை.

"உந்தப் பேரில ஒரு மனுசனும் இருந்ததில்லை" என்றார் அவர். "ஆர் எழுதினாலும் பத்திரிகைக்காரன் அந்தப் பேரைத்தான் போடுவான்."

அவள் கதையைத் தமிழாக்கிச் சொன்னாள். சிறுமியின் காற்றுக்குடுவை வற்றும் இடத்தில், மிச்சம் அடுத்த மாதம் என்றிருந்தது. அவர் கண் கலங்கினார்.

"அடுத்தது வரவேயில்லை" என்றாள் கதவருகே நின்ற டொலறஸ். "நெட்டில தேடிப் பாத்தன். அதோட அந்த மகசினே நிண்டுபோச்சாம்."

அவள் கீழே போனதும் றூபினி பெட்டியிலிருந்து வேறொரு இதழை எடுத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். 'மாதாவே, பொறுத்துக்கொள்ளும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஐயா, அடுத்த மாதத்துப் புத்தகம் கிடைச்சிட்டுது."

சவர அலகு விளம்பரம் ஒன்றைப் பார்த்தபடி அவள் 'வாசித்தாள்'. மீட்புக் கப்பல் இறங்கியது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. "பெட்டையைத் தூக்கி, காத்தைக் குடுத்து, போர்வையால சுத்தி, ஒரு வாய் தேத்தண்ணியும் பருக்கினவை."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "சந்திரனில தேத்தண்ணியோ?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான் போட்டிருக்கு."

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது.

"நீ காப்பாத்திப்போட்டாய், பிள்ளை. நான் எழுதேக்க அவளைச் சாகவிட்டனான்."