ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லீடர்

குடிமையியலும் உளவியலும் நடத்த வந்த புது டீச்சர், முதல் நாளே வகுப்புக்கு லீடர் தேர்தல் வைத்தார்.

"உங்களை யார் மேய்க்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ரகசிய ஓட்டு. பயப்படாம எழுதுங்க."

சாக்பீஸ் டப்பாவில் விழுந்த முப்பத்திரண்டு சீட்டிலும் ஒரே பட்டப்பெயர்தான் இருந்தது: பூனைக்கண்ணி.

டீச்சருக்குப் புல்லரித்தது. "ஒரு ஓட்டுகூடச் சிதறலையே. அந்தப் பொண்ணுகிட்ட அப்படி என்ன விசேஷம்?"

"பேசினவங்க பேரை போர்டுல எழுத மாட்டா மிஸ்," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"யாரையும் போட்டுக் கொடுக்க மாட்டா," என்றான் கடைசி பெஞ்ச் நெட்டையன்.

"உளவியல்ல இதைத்தான் தலைமைப் பண்புன்னு சொல்வாங்க," என்று நெகிழ்ந்தார் டீச்சர். "எங்கம்மா அவ? எழுந்து வா."

யாரும் எழவில்லை.

"அவங்கப்பாவுக்கு மாத்தலாகி, போன மாசமே வேற ஊருக்குப் போயிட்டா மிஸ்," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"இல்லாத ஆள் எப்படிப் பதவியில இருக்க முடியும்?"

நெட்டையன் பணிவாக எழுந்தான். "எங்க வார்டு கவுன்சிலரும் ஜெயிச்சதுல இருந்து எங்க தெருப் பக்கமே வரலை மிஸ். அவர் பதவியிலதானே இருக்காரு?"

டீச்சர் குடிமையியல் புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளினார்.

"மக்களாட்சி பத்தின முதல் பாடம் உங்களுக்கு நடத்தவே வேண்டாம் போலிருக்கு. ரெண்டாவதை எடுங்க."