சாவி கைக்கு வர வேண்டும்

ஏழே முக்காலுக்குத்தான் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றது.

கோலா சிலாங்கூரின் அந்தக் கடை வரிசையில் எல்லாக் கடைகளையும் அடைத்தாகிவிட்டது. வாடகைக் கார் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது.

அதை வாடகைக்கு எடுத்திருந்த இருசப்பன் இறங்கும்போதே அலுத்துக்கொண்டார்.

"சாவிய கடை வாசல் பெட்டியில போட்டுட்டுப் போறேன்னு போன்லயே சொன்னேன்லமா. உலு யாம்லேர்ந்து ஒரே ஜாம் லா. எனக்காக ஏன் உட்கார்ந்திருக்க?"

"இல்லண்ணே. ஆறு மணிக்கு மேல ஆள் இல்லாதப்ப வண்டிய விட்டுட்டுப் போனா, ராத்திரி எவனாவது இடிச்சாலும் உங்க தலையிலதான் விழும்," என்றாள் கடையில் வேலை பார்க்கும் அன்பரசி.

முதலாளி சொல்லிக்கொடுத்த காரணம் அது. பொய்யில்லை.

கைப்பேசி வெளிச்சத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முன்கதவில் பழைய கீறல். சக்கரத்தில் சேறு. பெட்ரோல் எண்ணெய் பாதி. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிறகு அவரை உட்காரச் சொன்னாள். பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். உலு யாமில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அக்கா வீடு, என்றார். அக்காவுக்கு முட்டிவலி. அங்கேயே சாப்பிட்டாயிற்று.

அவர் பேசப் பேச, அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு எப்படிண்ணே போவீங்க?"

"மக மோட்டர்ல வந்துக்கிட்டு இருக்கு. நீ கடைய சாத்துமா."

அவள் சாத்தவில்லை.

மகள் வந்தாள். இத்தனை நேரமா என்று திட்டிக்கொண்டே தலைக்கவசத்தை நீட்டினாள். ஒரு சாவிக்கு இவ்வளவு கெடுபிடி என்று அவர் மகளிடம் சொல்லிச் சிரித்தது அன்பரசிக்கும் கேட்டது.

அவர்கள் முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

போன வருடம் மழை நேரத்தில் இப்படித்தான் ஒருவர் போன் செய்தார். வர நேரமாகும், சாவியைப் பெட்டியில் போட்டுவிடவா என்றார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். சரி என்றாள்.

காலையில் சாவி பெட்டியில் இருந்தது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே துடைத்து, எண்ணெயை முழுக்க நிரப்பி விட்டிருந்தார்.

வீட்டுக்கு மட்டும் அவர் போய்ச் சேரவே இல்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவி போலீசாரோடு கடைக்கு வந்தார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

அன்பரசி அன்று அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.