ஒரே பாத்திரம்

திராட்சரசப் பாத்திரம் அவளிடம் வர இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள்.

அவள் பீடத்தின் முன் முழங்காலில் நின்றாள். தலையில் முந்தானை. அதற்குள் குல்லா. அதற்குள் ஒன்றுமில்லை.

திருவிருந்து அப்பம் வாங்கியாயிற்று. மாஸ்க்கைத் தாழ்த்தி நாக்கில் வைத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு. அழுகை முட்டியது, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள்.

எட்டுப் பேர்.

கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்றுதான் பெஞ்சிலேயே காத்திருந்தாள். எல்லாரும் போய்த் திரும்பட்டும், கடைசி வரிசையில் போய்க்கொள்ளலாம் என்று. டாக்டரும் அதைத்தான் சொன்னார். போய்ட்டு வாங்க, மாஸ்க் போடுங்க, ஒதுங்கி உட்காருங்க.

டாக்டருக்குப் பாத்திரத்தைப் பற்றித் தெரியாது.

அவளுக்குத் தெரியும். இந்தச் சபையில்தான் பிறந்தாள், இதில்தான் வாழ்க்கைப்பட்டாள். ஆனாலும் முழங்கால் போட்ட பிறகுதான் உறைத்தது. கடைசி ஆளிடம் வருவது, சபை முழுக்க வாய் வைத்த பாத்திரம்.

இருநூறு வாய். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

ஐந்தாவதாக நின்ற தேவாசீர்வாதம் சார் இருமினார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்தியாக வாயைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஐந்தாவது கீமோ. வெள்ளை அணு குறைந்துபோய் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிற்று. இன்னொரு காய்ச்சல் வந்தால் மருந்து ஏற்ற முடியாது, மார்பில் இருக்கிற கட்டி நமக்காகக் காத்திருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பின்னால் பெஞ்சில் மகள் ஹெப்சிபா சிணுங்கினாள். பதினோரு மாதம். அப்பா மடியில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அது பசிச் சிணுங்கல்.

அவள் சாக விரும்பவில்லை. கொஞ்சம்கூட.

மூன்று பேர்.

எழுந்து போய்விடலாம். யாரும் கட்டிப் போடவில்லை. அப்பம் வாங்கிவிட்டுப் பாத்திரத்தை விட்டு எழுந்தவளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும்.

ஆனால் ஆறு மாதமாக, ஒவ்வொரு முறை நரம்பில் ஊசி ஏறும்போதும், அவள் கேட்டது இது ஒன்றைத்தான். எல்லாரோடும் முழங்காலில் நின்று, ஒரு வாய். வீட்டுக்கு வந்து கொடுக்கிறேன் என்று போதகர் சொன்னபோது மாட்டேன் என்றாள். அது படுக்கையில் விழுந்துவிட்டவர்களுக்கு.

கேட்டது வந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து நடுங்குகிறாள்.

ஆண்டவரே, என்னோடு என்ன விளையாட்டு இது?

இரண்டு பேர்.

பக்கத்தில் அத்தை ஜெபக்கனி. கணவனின் அம்மா. கொரோனா சமயத்தில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தபோது, இது என்ன டீக்கடையா என்று சண்டை போட்டு, ஒரே பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்த புண்ணியவதி. இந்த ஆறு மாதத்தில் மருமகளின் வாந்தியை ஒரு நாள்கூட வேறு யாரையும் அள்ள விட்டதில்லை.

பாத்திரம் அத்தையிடம் வந்தது.

உதடு நனைய ஒரு சொட்டு. அத்தைக்கு எப்போதும் அவ்வளவுதான்.

போதகர் பாத்திரத்தை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

அத்தை இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

போதகர் மெதுவாக இழுத்தார். அத்தை விடவில்லை. வேகமாக இழுத்தால் சிந்திவிடும். சிந்தினால் பெரிய பாவம். அவர் கையை எடுத்துவிட்டார்.

அத்தை அண்ணாந்தார். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும். மறுபடியும். கால் பாத்திரம் திராட்சரசம். ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்து, ஒரு கட்டையிலேயே நின்றுவிட்டான். பெண்கள் பக்கம் யாரோ "ஆத்தாடி" என்றார்கள்.

வாயோரம் வழிந்ததை அத்தை புறங்கையால் துடைத்தார்.

"தீந்துட்டு ஐயா."

போதகர் பாத்திரத்துக்குள் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு, அத்தைக்கு அந்தப் பக்கம், மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களைப் பார்த்தார்.

திரும்பிப் பீடத்துக்கு நடந்தார்.

அங்கே இரண்டாவது பாத்திரம் மூடியிருந்தது. முதலாவது தீராமல் அதைத் திறக்கக் கூடாது. பண்டிகை நாளில் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. பீடத்துத் துணியைத் துவைத்து விரிக்கிற அத்தைக்கு இது தெரியாமல் இருக்குமா?

அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை தலையைக் குனிந்திருந்தார். பாத்திரத்தைத் துச்சமாகத் தொட்டவனை ஆண்டவர் சும்மா விடமாட்டார் என்று ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டியவர் அவர். மிரட்டலுக்குச் சொன்னதல்ல. அதை அப்படியே நம்புகிறவர்.

பீடத்துக் கிராதியைப் பிடித்திருந்த அத்தையின் விரல்கள் வெளுத்திருந்தன.

பீடத்தில் போதகர் வெள்ளைத் துணியை எடுத்தார்.

"அத்தை..."

"என்னைப் பாக்காத பிள்ள." அத்தை நிமிரவில்லை. "அவருக்கும் எனக்கும் உள்ளத நான் பேசிக்கிடுதேன். நீ குடி."

செருப்பில்லாத கால்கள் நெருங்கி வந்தன.

அவள் மாஸ்க்கை இறக்கினாள்.